முதல் பக்கம் நூற்று நாற்பத்தொன்பது டாலர்

நெவெனா நூற்று எண்பது என்றாள். ருமென் தொண்ணூற்றொன்பது என்றான். காலை பத்து மணிக்குத் தொடங்கிய பேச்சு மதியம் தாண்டியும் அங்கேயே நின்றது. சமையலறை மேசையில் அவன் வரும் வழியில் வாங்கி வந்த பானிட்சா என்ற பாலாடைக்கட்டி அப்பம் ஆறி, எண்ணெய் காகிதத்தில் ஊறிவிட்டது.

"அக்கா, நூத்தி எம்பதுன்னு போட்டா அந்தப் பக்கத்த நாம ரெண்டு பேரும்தான் பாத்துட்டு உக்காந்திருப்போம்," என்றான் ருமென்.

"ஒரு பக்கத்துக்கு உனக்கு எத்தன மணி நேரம் ஆகுது? உண்மையச் சொல்லு."

"ஒம்போது. தலைவலி இருந்தா பதினொண்ணு."

"அப்ப தொண்ணூத்தொம்போதுக்கு எப்படிடா கட்டும்?"

"தலைவலி மாத்திரைய வாங்காம விட்டா கட்டும்."

அவள் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பிப்ரவரி மாதத்து டான்யூப் நதிப் பனிமூட்டம் எதிர் அடுக்குமாடியை மூன்றாவது மாடிவரை விழுங்கியிருந்தது. ரூசே நகரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது ஒரு காட்சியே இல்லை.

இருவரும் ஆறு வருடம் ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். எங்கெங்கோ இருக்கும் வடிவமைப்பாளர்கள் ஓர் இணையப் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று படமாக வரைந்து அனுப்புவார்கள். படம் படம்தான். அதில் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அதை வரிவரியாகக் கணினி மொழியில் கோடு எழுதி, எல்லாப் பிரவுசரிலும் ஒரு மயிரிழை பிசகாமல் நிற்கும் பக்கமாக மாற்றிக் கொடுப்பதுதான் இவர்கள் தொழில். ஜனவரியில் முதலாளி டெனெவ் இருவரையும் கூப்பிட்டு, வேலை குறைந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிக் கைகுலுக்கி அனுப்பிவிட்டார். நெவெனாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. விவாகரத்தாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. ருமென் அவளைவிட ஏழு வயது இளையவன். அவன் மனைவி ராலிட்சா இரண்டு மாதக் கர்ப்பம்.

"டெனெவ் இருநூறு வாங்கினார்," என்றாள் நெவெனா. "கையால எழுதின கோடு. ஒரு வரி வீணா இருக்காது. மெஷின்ல போட்டு எடுத்தா வர்ற குப்பைக்கும் நம்ம வேலைக்கும் வித்தியாசம் தெரிஞ்சவன் குடுப்பான்."

"தெரிஞ்சவன் எத்தன பேரு? நம்ம எழுதறத யாரு உள்ள தொறந்து பாக்கப் போறா? சட்டையோட உள்தையல் மாதிரிதான் அது."

"உள்தையல் நல்லா இல்லேன்னா சட்ட பிரியும்."

"பிரியறதுக்குள்ள அவன் வேற சட்ட வாங்கிருவான்."

கடைசியில் முதல் பக்கத்துக்கு நூற்று நாற்பத்தொன்பது, அதற்குப் பின்வரும் ஒவ்வோர் உள்பக்கத்துக்கும் எழுபத்தைந்து என்று முடிவாயிற்று. அந்த ஒன்பது ருமெனுடையது. செருப்புக் கடைக்காரன் போல அது என்ன ஒன்பது என்று அவள் முணுமுணுத்தாலும் விட்டுக்கொடுத்தாள்.

தங்கள் சொந்தப் பக்கத்தை எழுத நெவெனா மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள். அவ்வளவு நாள் யாரும் அவளுக்குத் தந்ததில்லை. அலுவலகத்தில் எப்போதும் நாளைக்கு வேண்டும், இன்றைக்கே வேண்டும்தான். இப்போது ஒரு வரியை எழுதி, அழித்து, அதையே இன்னும் சின்னதாக எழுதினாள். பழைய பிரவுசர் ஒன்றில் ஓரப் பட்டை மட்டும் இரண்டு புள்ளி இறங்கி நின்றது. அதைச் சரிசெய்ய இரண்டு நாள் போயிற்று. ருமென் தலையில் அடித்துக்கொண்டான்.

"அக்கா, அந்தப் பிரவுசர் வெச்சிருக்கறவன்லாம் செத்துட்டான்."

"அவன் பேரன் வெச்சிருப்பான்."

பக்கத்தில் தங்கள் பெயரை நீனா, ராய் என்று போட்டுக்கொண்டார்கள். ஊர் பெயர் போடவில்லை. ஐரோப்பா என்று மட்டும் இருந்தது. நெவெனா, ருமென், ரூசே என்று போட்டால் வெளிநாட்டுக்காரன் நாக்கு சுளுக்கிக்கொண்டு ஓடிவிடுவான் என்பது ருமெனின் கட்சி. அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பழைய அலுவலகத்திலும் எல்லோருக்கும் அப்படியொரு பெயர் இருக்கத்தான் செய்தது.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பக்கத்தைத் திறந்தார்கள். ராலிட்சா கேக் செய்து அனுப்பியிருந்தாள். எத்தனை பேர் வந்து பார்க்கிறார்கள் என்று காட்டும் எண்ணை இருவரும் கண்கொட்டாமல் பார்த்தார்கள். மாலைக்குள் பதினொன்று ஆனது. அதில் ஏழு இவர்களே. ஒன்று ராலிட்சா. இன்னும் இரண்டு, பழைய அலுவலகத்தில் இருக்கும் தோழி இஸ்கிரா. வீட்டில் ஒருமுறையும் வேலையில் திருட்டுத்தனமாக ஒருமுறையும் பார்த்ததாகப் போனில் சொன்னாள்.

"ரொம்ப அழகா இருக்குடி. உள்ள தொறந்தும் பாத்தேன். உன் கையெழுத்து அப்படியே இருக்கு," என்றாள் இஸ்கிரா.

"மிச்சம் ஒரு ஆள் யாரு?" என்று அன்று முழுக்க ருமென் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அது யாரென்று தெரியவில்லை. நானூறு வடிவமைப்பு நிறுவனங்களுக்கு ருமென் கடிதம் அனுப்பினான். பதில் வந்தது மூன்று. ஒருவர், இனிமேல் எழுதாதீர்கள் என்றார். ஒருவர், முதல் பக்கத்தை இலவசமாகச் செய்து காட்ட முடியுமா என்று கேட்டார். மூன்றாமவர் அயர்லாந்தில் ஒரு பல் மருத்துவருக்காகப் பக்கம் வரைந்தவர். நூற்று நாற்பத்தொன்பதைக் கேள்வி கேட்காமல் கொடுத்தார். நெவெனா நான்கு நாள் அதில் மூழ்கிக் கிடந்தாள். இத்தனை சுத்தமான வேலையைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்று அவர் எழுதினார். அதை ருமென் அச்செடுத்து அவளுடைய குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினான். அந்த மனிதருக்கு ஆயுளில் அப்படி ஒரு வேலைதான் தேவைப்பட்டதோ என்னவோ, அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஏப்ரல் முழுக்க ஒரே ஒரு வேலை வந்தது. ருமென் ஒரு காகிதத்தில் மற்றவர்கள் விலையை எழுதிக்கொண்டு வந்து மேசையில் வைப்பான். கார்கிவ் நகரில் ஒருவர் எண்பத்தொன்பது. கிளுஷ் நகரில் ஒருவர் அறுபத்தொன்பது. எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாத ஒரு கூட்டம் முப்பத்தொன்பது. மே மாதம் இருவரும் பேசித் தொண்ணூற்றொன்பதுக்கு இறங்கினார்கள். தன் கணக்குதான் முதலிலேயே சரி என்று ருமென் சொல்லிக்காட்டவில்லை. அந்த இறக்கமும் போதாது என்று அவனுக்கே அதற்குள் தெரிந்திருந்தது.

ஜூனில் ஒரு காலை நெவெனா எழுந்து பக்கத்தைத் திறந்தபோது அதில் ஐம்பத்தொன்பது என்று இருந்தது. யாரோ உள்ளே புகுந்து கெடுத்துவிட்டதாகத்தான் முதலில் நினைத்தாள். பிறகு ருமெனைக் கூப்பிட்டாள்.

"நீயா மாத்தின?"

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"சொன்னா வேண்டாம்னு சொல்லுவீங்க."

"நான் எழுதின பக்கம்டா அது."

"நீங்க எழுதினதுதான். யாரு இல்லேன்னா?" அவன் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "ராலிட்சா அவ அம்மாகிட்ட இரும்புக் கட்டில் கடன் கேக்கறா, அக்கா. என் மாமியார் கட்டிலத் தர்றப்ப கூடவே என்னென்ன தருவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது."

அவள் போனை வைத்துவிட்டாள். எண்ணை மாற்றவில்லை. மாற்றியிருக்கலாம். கடவுச்சொல் அவளிடமும் இருந்தது.

ஆகஸ்டில் மார்ட்டின் என்ற பெயரில் ஒருவர் எழுதினார். இங்கிலாந்தில் இருப்பதாகவும், வேலை நிறைய இருப்பதாகவும், வாரம் பத்துப் பக்கம் தவறாமல் தருவதாகவும், ஆனால் முதல் பக்கம் உள்பக்கம் என்ற பேதமில்லாமல் எல்லாம் இருபத்தெட்டு டாலருக்குச் செய்து தர வேண்டும் என்றும் கேட்டார். ருமென் அவள் முகத்தைப் பார்த்தான். நெவெனா எழுந்துபோய் ஜன்னலருகே நின்றாள். சேமிப்பு முடிந்து, நகையையும் விற்றாகிவிட்டது என்று சொல்ல அவளுக்கு யாரும் இல்லை. போட்டிருந்த சங்கிலியைத்தான் விற்றிருந்தாள். கழுத்தைத் தடவிக்கொண்டே, "சரின்னு எழுது," என்றாள்.

வேலை வந்தது. சொன்னபடி வந்தது. விளையாட்டுப் பொருள் கடை, வழக்கறிஞர்கள், நாய் வளர்ப்போர் சங்கம், மறுபடி வழக்கறிஞர்கள். கமிஷனும் காப்பீடும் போகக் கையில் நிற்பது ஒரு பேருந்து ஓட்டுநரின் சம்பளத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. ருமென் வேகமாக எழுதப் பழகிக்கொண்டான். பழைய பக்கத்திலிருந்து பாதியை வெட்டி ஒட்டினான். நெவெனாவுக்கு அது வரவில்லை. ஒவ்வொன்றையும் முதலிலிருந்து எழுதினாள். வலது மணிக்கட்டில் ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. இடது கையால் கணினி எலியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். ருமெனுக்கு மகள் பிறந்தாள். மாமியார் கட்டில் வேண்டாம் என்று கடையில் புதுக் கட்டில் வாங்கினான். அந்த ஒரு வாரம் அவன் நடையே மாறியிருந்தது.

நவம்பர் தொடக்கத்தில் மார்ட்டினிடமிருந்து வந்த வேலைத் தொகுப்பில், படங்களோடு தெரியாமல் இன்னொரு கோப்பும் சேர்ந்து வந்துவிட்டது. வேலை செய்பவர்களுக்கான விதிமுறைகள், மொத்தம் பதினேழு. நெவெனா தேநீரோடு அதைப் படிக்கத் தொடங்கினாள். நான்காவது விதிக்கு வந்தபோது கோப்பையை வைத்துவிட்டாள். 'பொத்தானை அழுத்தி ஒன்றும் நடக்கவில்லை என்றால், வாடிக்கையாளர் அடுத்ததாக அழுத்துவது நம் கழுத்தை' என்று அதில் ஆங்கிலத்தில் இருந்தது. அதை நான்கு வருடத்துக்கு முன், புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, தங்கள் மொழியில் அவள்தான் எழுதியிருந்தாள். யாரோ மொழிபெயர்த்திருந்தார்கள். வரிசை அதே, வேடிக்கையும் அதே. கோப்பை உருவாக்கியவர் பெயர் என்ற இடத்தில் டெனெவ் என்று இருந்தது.

ருமெனிடம் காட்டினாள். அவன் இரண்டுமுறை படித்தான்.

"அப்ப மார்ட்டின்னு ஒருத்தன் இல்லவே இல்லியா?"

"நீனான்னு ஒருத்தி இருக்காளா?"

"நாமன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன்," என்றாள். தெரிந்திருந்தால் இருபத்தைந்துக்குக் கேட்டிருப்பார் என்று தோன்றியது. அதைச் சொல்லவில்லை.

இஸ்கிராவைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று போனை எடுத்தாள். இஸ்கிராவே முந்திக்கொண்டாள். நேரில் பார்க்க வேண்டும் என்றாள். மறுநாள் அலெக்சாந்த்ரோவ்ஸ்கா தெருவில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தார்கள். இஸ்கிராவின் கண்கள் வீங்கியிருந்தன.

"எங்க பிரிவையே மூடிட்டார்டி. ஒம்போது பேர். வெள்ளிக்கிழமை கூப்பிட்டு நிக்க வெச்சுச் சொன்னார். வெளில யாரோ பக்கத்துக்கு இருபத்தெட்டு டாலருக்குச் செய்யறாங்களாம். வேலையும் நம்மள விடச் சுத்தமா இருக்காம். காட்டினார்டி. எங்க எல்லாருக்கும் அந்தக் கோட்டத் தொறந்து காட்டி, இத விடக் கொறச்சலுக்கு உங்களால முடியுமான்னு கேட்டார். யாரும் வாயத் தொறக்கல."

"நீ பாத்தியா அந்தக் கோட்ட?"

"எங்க பாக்கறது? கண்ணுல தண்ணி. ஆசியால எங்கியோ ஒரு கூட்டம்னு பசங்க பேசிக்கிட்டாங்க."

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நெவெனாவுக்கு ஒரு நிமிடம் பட்டது. யாருக்கும் ஒருபோதும் தெரியப்போவதில்லை. சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்துக் கோப்பையில் போட்டாள். அவள் சர்க்கரை போட்டுக் குடிப்பவள் இல்லை.

"அது நாங்கதான், இஸ்கிரா. நானும் ருமெனும்."

இஸ்கிரா முதலில் சிரித்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"இருபத்தெட்டுக்கா?"

"ஆமா."

"உன் வேலையையா? ரெண்டு புள்ளி எறங்கினா ரெண்டு நாள் உக்காருவியே, அந்த வேலையையா?"

 இஸ்கிரா தன் காப்பிக்கு மட்டும் எண்ணி வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் மறுநாள் மதியம் அவளே கூப்பிட்டாள். "மத்த எட்டுப் பேர்கிட்டயும் நீயே சொல்லு. நான் மட்டும் ஏன் இதச் சொமக்கணும்?" என்றாள். அவளே எல்லோரையும் கூட்டினாள்.

ஆற்றங்கரைக்குப் போகும் சரிவில் ஒரு மதுக்கடையின் பின்னறையில், வியாழக்கிழமை மதியம், பதினொரு பேரும் உட்கார்ந்தார்கள். நெவெனா எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ருமென் தட்டில் இருந்த ஊறுகாயையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டினார்கள். ஸ்பாஸ் என்ற பெரியவர், ஐம்பத்தொரு வயதில் வேறு எங்கே போவேன் என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். மெட்டோடி என்பவன், "நல்லது பண்ணின தாயே, உனக்கு ஒரு செலை வைக்கறோம்," என்றான்.

"வைங்க," என்றாள் நெவெனா. "அதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க. டெனெவ்கிட்ட இப்ப எழுதறதுக்கு ஆளே கெடையாது. நாங்க ரெண்டு பேர்தான். இந்த ஊர்ல இந்த வேல தெரிஞ்சவங்க எல்லாரும் இந்த ரூம்லதான் இருக்கோம். அறுபதுக்குக் கீழ யாரும் எழுத மாட்டோம்னு சொல்லிட்டா அவர் என்ன பண்ணுவார்? வர்ற வேலையப் பதினோரு பேரும் பிரிச்சுக்கலாம்."

 முதலில் இஸ்கிரா கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்து மெட்டோடி, பிறகு மற்றவர்கள். கடைசியாக ஸ்பாஸ். ருமெனும் தூக்கினான். யாரோ ரக்கியா பிராந்தி கொண்டுவரச் சொன்னார்கள். பத்து மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நெவெனா வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறுநாள் அவள் மட்டும் டெனெவைப் பார்க்கப் போனாள். காலியான ஒன்பது மேசைகளைத் தாண்டித்தான் அவர் அறைக்குப் போக வேண்டும். அவர் இளைத்திருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் வாய் மெல்லத் திறந்தது.

"நீதான் நீனாவா?" உண்மையாகவே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. "இவ்வளவு நல்லா யாரு எழுதறான்னு நானே யோசிச்சேன் நெவெனா. நம்ம நெவெனா மாதிரி இருக்கேன்னு மனசுல பட்டுது. பாரேன்."

"அறுபது, டெனெவ் சார். அதுக்குக் கீழ இந்த ஊர்ல யாரும் எழுத மாட்டாங்க. பேசிட்டோம்."

அவர் கோபப்படவில்லை. நாற்காலியைத் திருப்பித் திரையை அவள் பக்கம் காட்டினார். "இருநூறு வாங்கின எடத்துல இப்ப எனக்கு என்ன குடுக்கறாங்க, பாரு. அறுபத்தஞ்சு. வாடகை, கரண்டு, வரி. உனக்கு அறுபது குடுத்துட்டு நான் ஜன்னலத் தொடச்சுப் பொழைக்கவா? எனக்கு மேலயும் ஒருத்தன் உக்காந்து இப்படித்தாம்மா கேக்கறான். அவனுக்கு மேல யாருன்னு எனக்குத் தெரியாது."

"அப்ப என்ன சொல்றீங்க?"

"திங்கக்கிழமை வரைக்கும் யோசிக்கறேன்."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்து, "டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை ஒன்றும் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன் மதியம் ருமென் வந்தான். கோட்டைக் கழற்றாமல் சமையலறை வாசலிலேயே நின்றான்.

"இனிமே வராது, அக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் சனிக்கிழமை எழுதினேன். ராய்ங்கிற பேர்ல. இருபத்தெட்டுக்கே நான் தனியா செய்யறேன்னு."

அவள் அவனையே பார்த்தாள்.

"பதில் வந்துச்சு," என்றான் ருமென். "நன்றி ராய், இருபத்திரண்டுக்கு வேற ஒருத்தர் ஒத்துக்கிட்டாங்கன்னு. அவங்க வெள்ளிக்கிழமையே எழுதிட்டாங்களாம்."

வெள்ளிக்கிழமை என்றால் கை தூக்கிய மறுநாள். அவள் டெனெவின் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த அதே நாள்.

"யாரு?"

"சொல்லல. கேட்டேன். சொல்லல."

திட்டுவாள் என்று அவன் காத்து நின்றான். திட்டினால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "கொழந்த எப்படி இருக்கா?" என்று கேட்டாள். "பல்லு மொளைக்குதோ என்னவோ, அழுதுட்டே இருக்கா," என்றான். அந்த வயதில் பல் முளைக்காது என்று இருவருக்குமே தெரியும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் அவள் வீட்டுக்கு வரவில்லை. வசந்தத்தில் குடும்பத்தோடு ஸ்பெயினுக்குப் போய், ஏதோ பசுமைக் குடிலில் தக்காளி பறிப்பதாக யாரோ சொல்லக் கேட்டாள்.

அவன் போன அன்று மாலைவரை நெவெனா அந்த ஒன்பது பேரையும் ஒவ்வொருவராக மனதில் நிறுத்திப் பார்த்தாள். ஸ்பாஸாக இருக்கலாம், வயது அப்படி. மெட்டோடியாக இருக்கலாம், அவனுக்கு வீட்டுக் கடன். இஸ்கிராவாக இருக்கலாம். முதலில் கையைத் தூக்கியவள் அவள்தான். அந்த நினைப்பு வந்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை. கேட்டுவிடலாம் என்று இரண்டுமுறை போனை எடுத்தாள். இல்லை என்று இஸ்கிரா சொன்னால் நம்ப முடியுமா என்று யோசித்தாள். முடியாது என்று தெரிந்ததும் போனை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை கணினிக்கு முன்னால் உட்கார்ந்து மார்ட்டினுக்கு ஒரு கடிதம் எழுதினாள். நீனா என்று கையெழுத்திட்டாள். பிறகு அதை அழித்துவிட்டு நெவெனா என்றே போட்டாள். பக்கத்துக்கு இருபது டாலர், தரத்தில் எந்தக் குறையும் இருக்காது என்று எழுதியிருந்தாள். மதுக்கடையில் எழுந்து நின்று பேசிய அதே வாய். அனுப்பாமல் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள், தரையைக் கூட்டினாள், வந்து அனுப்பினாள்.

அதற்குப் பதில் வரவில்லை. இருபதும் அதிகமாகிவிட்டதா, அல்லது அவள் பெயரைப் பார்த்து டெனெவுக்கு வெட்கமாகிவிட்டதா, தெரியவில்லை. கிறிஸ்துமஸ்வரை தினம் காலையில் திறந்து பார்த்தாள்.

பிப்ரவரியில் ஊருக்கு வெளியே இருந்த தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. கார்களுக்குள் போகும் கம்பிகளை வண்ணம் பார்த்துப் பிரித்து, பலகையில் ஆணிகளுக்கிடையே வளைத்து, நாடா சுற்றிக் கட்ட வேண்டும். சேர்க்கும்போது மணிக்கட்டு வலியைப் பற்றி அவள் சொல்லவில்லை. மேற்பார்வைப் பெண் அவள் கட்டிய முதல் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நறுவிசா வேண்டாம்மா. யாரு கதவப் பிரிச்சுப் பாக்கப் போறா? வேகம் போதும்," என்றாள்.

தொழிற்சாலைப் பேருந்து ஆறேகால் மணிக்கு வரும். இரண்டாவது வாரம் ஒருநாள் ஏறியபோது உட்கார இடமில்லை. நடுவில் ஒரே ஓர் இருக்கையில் கைப்பை இருந்தது. பைக்குப் பக்கத்தில் இஸ்கிரா உட்கார்ந்திருந்தாள். அதே தொழிற்சாலையின் நீலச் சட்டை, காலர் கோட்டுக்கு வெளியே தெரிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இஸ்கிராவின் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது. அது என்ன கேள்வி என்று நெவெனாவுக்குத் தெரியும். அவளிடமும் அதுதான் இருந்தது.

இஸ்கிரா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நெவெனா உட்கார்ந்தாள்.

"எந்த லைன்ல போட்டிருக்காங்க?" என்று இஸ்கிரா கேட்டாள்.

"நாலு."

"நாலு பரவால்ல. ஆறுலதான் நிக்கவே விடாம விரட்டறாங்க."

"நீ எதுல?"

"ஆறு."

பேருந்து வட்டச்சாலையில் திரும்பியது. இஸ்கிரா ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கினாளா, தூங்குவதுபோல் இருந்தாளா, தெரியாது. நெவெனா மடியில் வலது கையை இடது கையால் பிடித்தபடி, தொழிற்சாலை வாசல் வரும்வரை முன்னிருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.